உங்களுக்குத் தெரியுமா? மணக்கும் மரங்கள்

● ஒரே மரத்தில் மூன்று மணம் இருக்கும், தெரியுமா? இலவங்க மரத்தின் பட்டையை வடித்தால் சின்னமால்டிஹைடு கிடைக்கும். குருமாவில் நமக்குப் பழகிய பட்டை வாசம் அதுதான். அதே மரத்தின் இலையை வடித்தால் யூஜினால். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் கிராம்பு என்று சத்தியம் செய்வீர்கள். வேர்ப்பட்டையை வடித்தால் கற்பூரம். பூச்சி, பூஞ்சை, மேய வரும் விலங்கு என ஒவ்வோர் உறுப்பையும் தாக்க வருவது வேறு. அதற்கேற்ற தற்காப்பை அந்தந்த இடத்தில் மரம் தயாரித்து வைத்திருக்கிறது. கீழே வரும் மரங்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை. நாம் ரசிக்கும் மணம் அவற்றுக்கு ஆயுதம்.

● பட்டை உரிப்பது மழைக்கால வேலை. இலவங்கத்துக்கு இலங்கையில் கறுவா என்று பெயர். இலங்கையின் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் கறுவாத் தோட்டங்களில் மரம் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. விட்டால் பத்து மீட்டருக்கு மேல் வளரக்கூடியதைத் தரையோடு தரையாக வெட்டி வெட்டிப் புதராகவே வைத்திருப்பார்கள். அடிக்கட்டையிலிருந்து நேராகக் கிளம்பும் தண்டுகள்தான் பயிர். கறுவாவின் தளிர் நல்ல சிவப்பு. மழை பெய்து, அந்தச் சிவப்பு மாறி இலை பச்சை கட்டும் பருவத்தில்தான் பட்டை கட்டையை விட்டு எளிதாகக் கழலும்.

வெட்டிய தண்டு உலர்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். முதலில் வளைந்த கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். அது குப்பை. பிறகு பித்தளைக் கோலால் தண்டு முழுக்க அழுத்தித் தேய்ப்பார்கள். உள்பட்டை தளரும். இரண்டு இடத்தில் வளையமாகக் கீறி, நீளவாக்கில் இரு கோடு இழுத்து, கத்திமுனையை உள்ளே செலுத்தி மெல்ல நெம்பினால் உள்பட்டை கிழியாமல் அரைக்குழாயாகக் கையோடு வரும். அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்தத் துண்டுகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி 42 அங்குல நீளக் குழலாக்கி, கூரைக்கடியில் கட்டிய கயிறுகளின் மேல் நிழலில் காயப்போடுவார்கள். காயக் காயக் குழல் தானாகச் சுருண்டு இறுகும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பருமன் போகாத குழலுக்கு ‘அல்பா’ என்று பெயர். உயர்ந்த தரம் அதுதான். எந்திரங்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் தேர்ந்த கைக்கு இணை இன்னும் வரவில்லை. ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. அந்தப் பெருமையில் பாதி உரிப்பவரின் விரல்களுக்குச் சேரவேண்டும்.

● இந்தப் பட்டைக்காக உயிர்கள் போயிருக்கின்றன. 1505-இல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்த்துகீசியர் அங்கே நிலைகொண்டதும், பின்னால் ஒல்லாந்தர் அவர்களை விரட்டியதும் பெருமளவு கறுவாவுக்காகத்தான். ஒல்லாந்தர் ஆட்சியில் அனுமதியில்லாமல் கறுவா உரிப்பதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றம். காட்டில் உரித்து வந்த சலாகம சாதியினர் ஆண்டுதோறும் இவ்வளவு பட்டை தரவேண்டும் என்று அளவு வைத்துப் பிழிந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோட்டமாகப் பயிரிடும் யோசனை ஒல்லாந்தருக்கு வந்தது. கொழும்பு 7-இல் இன்று மாளிகைகளும் அருங்காட்சியகமும் இருக்கிற வட்டாரத்துக்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

● கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை இது. அரேபியாவில் பெரிய பறவைகள் எங்கிருந்தோ பட்டைக் குச்சிகளைக் கொண்டுவந்து எட்டமுடியாத பாறைகளில் கூடு கட்டுமாம். மக்கள் பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைக் கீழே போட்டு ஒளிந்துகொள்வார்களாம். பறவைகள் அவற்றைத் தூக்கிப்போய் வைக்க, பாரம் தாங்காமல் கூடு சரிந்து விழுமாம். ரோமானியரான பிளினி இதை நம்பவில்லை. விலையை ஏற்றுவதற்காகக் கட்டிய கதை என்று எழுதினார். சரக்கு வரும் இடம் வாங்குகிறவனுக்குத் தெரியாதவரை வியாபாரிக்கு லாபம்.

● உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது எந்தப் பட்டை? எடுத்து நுனியைப் பாருங்கள். தாள்போன்ற மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருட்டு மாதிரி இருந்தால் அது இலங்கை வகை. ஒற்றைத் தோலாக, தடிப்பாக, இரு ஓரமும் உள்வளைந்து, ஒடிக்கக் கை வலித்தால் அது கேசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருவது. நம் மளிகைக் கடைகளில் ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். காரம் தூக்கலாக இருக்கும், பிரியாணிக்குக் குறையொன்றும் இல்லை.

ஆனால் கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. இலங்கைப் பட்டையில் அது மிக மிகச் சொற்பம். கூமரின் அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த தினசரி வரம்பு. குழம்பில் போடும் ஒரு துண்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம். சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் வெறும் வயிற்றில் ஸ்பூன் ஸ்பூனாகப் பட்டைப்பொடி குடிப்பவர்கள்தான் என்ன பட்டை என்று முதலில் பார்க்கவேண்டும், மருத்துவரையும் கேட்கவேண்டும்.

● பிரிஞ்சி இலையும் இலவங்கத்தின் தங்கைதான். இமயமலை அடிவாரத்திலும் மேகாலயாவிலும் வளரும் அந்த மரமும் அதே பேரினம். காய்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள்: காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடும். மேல்நாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளில் சூப்பில் போடுகிறார்களே, அந்த ‘பே லீஃப்’ வேறு மரம். அதற்கு நடுவே ஒற்றை நரம்பு, இருபுறமும் கிளை நரம்புகள். மணமும் வேறு. அந்த மரத்தின் கிளையைத்தான் கிரேக்கர் வெற்றி பெற்றவர் தலையில் சூட்டினார்கள். ரோமாபுரியின் வாசனைத் தைலக்காரர்கள் விலை கொடுத்து வாங்கியதோ நம் பக்கத்து இலையை. முசிறித் துறைமுகத்தில் கப்பலேறிய சரக்குகளில் இந்த இலையும் உண்டு என்று கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வணிக நூல் சொல்கிறது.

● நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டரில் சன்னோ என்ற ஷிண்டோ கோயில். வாசலில் நின்ற கல் தோரணத்தில் ஒரு கால் போய்விட்டது. அங்கிருந்த இரண்டு கற்பூர மரங்கள் கருகி, கிளையெல்லாம் இழந்து, மொட்டைக் கட்டையாக நின்றன. செத்துவிட்டன என்றே நினைத்தார்கள். பிறகு துளிர்த்தன. இன்றும் தோரணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. மரங்களோ கோயில் முற்றத்தையே மூடும் அளவு தழைத்திருக்கின்றன.

● சினிமாவுக்கும் கற்பூரத்துக்கும் உறவு உண்டு. 1870-இல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயட் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு, நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரம் சேர்த்துச் செய்தது. சீப்பு, பொம்மை, பிறகு படச்சுருள் என உலகம் முழுக்கக் கற்பூரத்துக்கு அலைந்தது. தைவானைப் பிடித்த ஜப்பான் 1899-இல் அங்கே கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. மரத்தைச் சீவிச் சீவி ஆவியில் வேகவைத்து எடுக்கும் தொழில் அது. காடுகளும் அவற்றில் வாழ்ந்த பழங்குடிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. டேபிள் டென்னிஸ் பந்துகூடப் பல காலம் செல்லுலாய்டுதான். 2014-இல்தான் சர்வதேசப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

நீங்கள் இன்று தட்டில் ஏற்றும் கற்பூரம் அநேகமாகக் கற்பூர மரத்தைப் பார்த்தே இருக்காது. பைன் மரத்து டர்பென்டைனிலிருந்து ரசாயன ஆலையில் தயாராகிறது. அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கற்பூர வில்லை குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம். சளிக்கு நல்லது என்று கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதையும் விட்டுவிடுங்கள்.

● பச்சைக் கற்பூரத்தின் ஊரில் தமிழ்க் கல்வெட்டு! சர்க்கரைப் பொங்கலில் சிட்டிகை போடும் பச்சைக் கற்பூரத்தின் பழைய மூலம் வேறொரு மரம். சுமத்ரா, போர்னியோ, மலாயாக் காடுகளில் 60 மீட்டர் உயரம்வரை வளரும் கபூர் மரம். அதன் தண்டுக்குள் இருக்கும் வெடிப்புகளில் படிகம் படிகமாக உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் இராது. வெளியே நின்று பார்த்துச் சொல்வது கடினம். அதனால்தான் அந்த விலை.

அந்தச் சரக்கு கப்பலேறிய புகழ்பெற்ற துறை சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ். பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு கல்வெட்டு கண்ணில் பட்டது. எழுத்து தமிழ், மொழி தமிழ், ஆண்டு சகம் 1010, அதாவது கி.பி. 1088. சோழநாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த நேரம். பொறித்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர். அந்தத் துறைக்கு வரும் கப்பல்காரர்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தைப் பற்றியது. வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் கடந்த தமிழர் என்றதும் நமக்கு இராஜேந்திரனின் படையெடுப்புதான் நினைவுக்கு வருகிறது. சரக்கு பார்த்து, விலை பேசி, அந்நியக் கரையில் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழ்ந்த இந்த வணிகர்களைப் பாடப்புத்தகம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

● மலாயாவின் ஜொகூர் காடுகளில் அந்தக் காலத்தில் கபூர் தேடிப் போன ஜக்கூன் பழங்குடியினர் காட்டுக்குள் நுழைந்ததும் வழக்கமான பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்கென்றே வைத்திருக்கும் தனிச் சொற்களில்தான் பேசினார்கள், உணவிலும் கட்டுப்பாடு இருந்தது. மீறினால் மரத்தின் ஆவி கற்பூரத்தை ஒளித்துவிடும் என்பது நம்பிக்கை.

● கோலாலம்பூர் அருகே கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் இதே கபூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாது. ஒவ்வொன்றைச் சுற்றியும் வானம் வாய்க்கால் வெட்டினாற்போல் தெரியும். காற்றில் உரசி நுனிகள் முறிவதாலா, பக்கத்து இலையின் நிழலைத் தளிர் உணர்ந்து ஒதுங்குவதாலா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

● நல்ல ஆரோக்கியமான அகில் மரத்துக்கு வாசனையே கிடையாது. வெள்ளைக் கட்டை, அவ்வளவுதான். புழு துளைத்து, அந்தத் துளை வழியாகப் பூஞ்சை நுழைந்து நோய் கண்ட பிறகுதான் மரம் கரும்பிசினைச் சுரந்து புண்ணை மூடப் பார்க்கிறது. பிசின் ஊறிக் கறுத்த அந்தக் கட்டைதான் அகில். அரபு நாடுகளில் ‘ஊத்’ என்று பொன் விலைக்கு விற்பதும் அதுவே. உயர்ந்த ரகம் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உள்ளே பிசின் இருக்கிறதா என்பது வெட்டினால்தான் தெரியும் என்று கண்ட மரத்தையெல்லாம் வெட்டியதில் காடுகள் காலியாயின. 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இப்போது அசாமிலும் திரிபுராவிலும் வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்க்கிறார்கள். அசாமில் இந்த மரத்தின் பட்டையைப் பதப்படுத்தித்தான் பழைய ஏடுகளை எழுதினார்கள். 

● ஊட்டிக்கு யூகலிப்டஸ் வந்தது 1843-இல், கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் வழியாக. தைலத்துக்காகக் கொண்டுவரவில்லை, விறகுக்காக. குளிர் காய வெட்டி வெட்டிச் சோலைக்காடு கரைந்துகொண்டிருந்தது. சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா, விக்டோரியா பகுதி மரத்துக்கு நீலகிரிக் குளிர் பிடித்துப்போயிற்று.

இதன் இளங்கன்றைப் பார்த்தால் வேறு மரம் என்றே நினைப்பீர்கள். இலை அகலமாக, காம்பில்லாமல், எதிரெதிராக, சுண்ணாம்பு பூசிய நீலச் சாயலில் இருக்கும். வளர்ந்த மரத்தில் அதுவே நீண்ட அரிவாள் இலையாகித் தலைகீழாகத் தொங்கும். தைலம் காய்ச்ச நூறு கிலோ இலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்தால் தேறுவது ஒரு கிலோவை ஒட்டித்தான். தலைவலிக்கு அது இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் புல்வெளியும் சோலையும் இருந்த மலையில் இந்த மரத்தைப் பரப்பியதற்கு ஓடைகள் கொடுத்த விலை பெரிது. ஒரு பாட்டில் தைலத்துக்காக அதை மறக்க முடியாது.

● குங்கிலியத்துக்காகத் தாலியை விற்றவர் ஒருவர் பெரிய புராணத்தில் உண்டு. திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார். வீட்டில் அரிசி இல்லை, மனைவி கொடுத்த தாலியோடு நெல் வாங்கப் போனவர், வழியில் குங்கிலியப் பொதி வருவதைக் கண்டு அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலியம் எடுப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் பழங்குடி மக்கள்தான். பட்டையில் கீறிவிட்டுப் பிசின் வழிந்து இறுகும்வரை காத்திருந்து சேகரிக்கிறார்கள்.

● சாம்பிராணியும் அப்படியே கீறி எடுக்கும் பிசின்தான், சுமத்ராவின் மலைக்காடுகளிலிருந்து வருவது. கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணி வேறு சமாசாரம். பெரும்பாலும் கரித்தூள், மரத்தூள், சேர்த்த வாசனை. ஊதுபத்தியில் மாவு குச்சியை விட்டு உதிராமல் பிடித்துக்கொள்ள ஜிகட் என்ற பட்டைத்தூள் கலப்பார்கள். தண்ணீர் பட்டால் வழவழவென்று பசையாகும் அந்தப் பட்டையைத் தரும் மரங்களும் இலவங்கக் குடும்பம்தான்.

● காஷ்மீரில் ஜீலம் ஆற்றின் பழைய பாலங்கள் தேவதாரு அடிமரங்களை அடுக்கிக் கட்டியவை. படகு வீடுகளும் அதே மரம். அதன் எண்ணெய் மணம் கறையானையும் பூஞ்சையையும் அண்டவிடாது.

● கறிவேப்பிலையும் மரம்தான், நாம்தான் கிள்ளிக் கிள்ளிச் செடியாக வைத்திருக்கிறோம். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. எலுமிச்சை, நாரத்தை, வில்வ இலைகளிலும் இதே புள்ளிகள் உண்டு, எல்லாம் ஒரே குடும்பம். இதன் தாவரவியல் பெயரில் வரும் ‘கோனிகி’ தரங்கம்பாடியோடு தொடர்புடையது. தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்துவிட்டு 18ஆம் நூற்றாண்டில் டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, நம் கடற்கரைச் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக் நினைவாக வைத்த பெயர்.

● செம்மரத்துக்கு மணம் கிடையாது. செஞ்சந்தனம் என்று சொல்கிறோமே தவிர, சந்தனத்துக்கும் அதற்கும் உறவில்லை. அது வேங்கையின் இனம். கடத்துவது நிறத்துக்காகவும் கட்டையின் உறுதிக்காகவும்.

● சந்தனம் மற்ற மரத்தின் சாப்பாட்டில் பங்கு கேட்கும் மரம். இலை பச்சைதான், வெயிலில் தன் உணவைத் தானே செய்துகொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரைத் தேடிப்போய், சிறு குமிழ்போன்ற உறுப்பால் அதைக் கவ்வி, நீரையும் சத்தையும் உறிஞ்சும். துணையில்லாத சந்தனக் கன்று இலை வெளுத்து நோஞ்சானாக நிற்கும்.

மணம் மரத்தின் நடுவயிரத்தில் மட்டும்தான். வெளிச்சுற்று வெள்ளைக் கட்டையை முகர்ந்தால் ஒன்றும் இராது. வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள். 1792-இல் திப்பு சுல்தான் இதை அரச மரமாக அறிவித்தார். யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம். அந்த வழக்கம் வெள்ளையர் காலத்தையும் தாண்டி வந்தது. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை போவது நின்றபோது, மைசூர் சமஸ்தானம் 1916-இல் தானே எண்ணெய் ஆலை வைத்தது. மைசூர் சாண்டல் சோப் அதன் பிள்ளை.

அரசுக்குச் சொந்தம் என்றால் விவசாயி என்ன செய்வான்? வரப்பில் சந்தனம் முளைத்தால் அதிகாரி வருவார், திருடன் வருவான், வம்பு வரும். அதனால் முளையிலேயே பிடுங்கிப் போட்டார்கள். மரத்தைக் காக்கப் போட்ட சட்டமே மரத்தை ஊருக்குள் வளரவிடாமல் செய்தது என்பதுதான் என் கருத்து. கர்நாடகம் 2001-இலும் தமிழகம் 2002-இலும் சட்டத்தைத் திருத்தி நிலத்துக்காரருக்கு உரிமை கொடுத்தன. அதற்குள் ஜவ்வாது மலையிலும் சேர்வராயனிலும் பெருமரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. மறுபுறம் இலை சுருங்கி முள்முள்ளாக நிற்கும் ஸ்பைக் நோய். 1899-இல் குடகில் பதிவானது. பூச்சிகள் பரப்பும் நுண்ணுயிர் காரணம், இன்றுவரை மருந்து இல்லை. மூணாறுக்குப் பக்கத்தில் மறையூர்ச் சந்தனக் காட்டில் வனத்துறை வேலி போட்டு இரவு பகலாகக் காவல் காக்கிறது. அங்கும் இந்த நோய் எட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியிலோ நம் சந்தனத்தை நீர் பாய்ச்சித் தோப்பாக வளர்க்கிறார்கள்.

உங்கள் நிலத்தில் நட நினைத்தால் கன்று வாங்கும்போதே பையில் கூடவே பொன்னாங்கண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் முதல் துணை. நடும்போது பக்கத்திலேயே துவரை விதையுங்கள், இரண்டு வருடம் தாங்கும். சற்றுத் தள்ளிச் சவுக்கு நட்டால் நீண்ட காலத் துணை. வயிரம் ஏறத் தொடங்கவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். ஏக்கருக்கு இத்தனை கோடி என்று நாற்று விற்பவர் சொல்லும் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். வயிரம் ஏறிவிட்டதா என்று திருடர்கள் இரவில் தண்டில் துளை போட்டுப் பார்ப்பார்கள். காவல் செலவு அந்தக் கணக்கில் இராது. வெட்ட இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும்.